பிக்னிக் போகும் இடம்: அருவியைப் பார்க்கும் முன் மேல்மலையைப் பாருங்கள்

தீபாவளிக்கு வந்த உறவினர்கள் திரும்பிப் போவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "பிள்ளைகளுக்கு லீவு வருதே, எங்கேயாவது போகலாமா?" கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மவர்களில் பலருக்கு 'எங்கேயாவது' என்றால் பொருள் ஒன்றுதான். ஆறு. கஞ்சிங், உலு யாம், சுங்கை சொங்காக், சுங்கை கபாய் என்று பெயர்கள் வரிசையாக விழும். யாரோ ஒருவர் போர்ட்டிக்சன் என்பார். பெட்ரோல், டோல், நெரிசல் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் குழு மறுபடியும் ஆற்றுக்கே வந்து நிற்கும்.

எங்கள் குடும்பக் குழுவிலும் இதே பேச்சுதான். இம்முறை நான் கொஞ்சம் முட்டுக்கட்டை போட்டேன். அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் காரணம் நாள்காட்டி. பள்ளித் தவணை 2026-ஆம் ஆண்டில் மீண்டும் ஜனவரியில் தொடங்கியது. கடந்த சில ஆண்டுகளாக ஆண்டின் தொடக்க மாதங்களில் வந்துகொண்டிருந்த நீண்ட விடுமுறை, பழையபடி டிசம்பருக்குத் திரும்பிவிட்டது. பெற்றோருக்கு இது வசதி. ஆனால் ஆற்றுக்குப் போகிறவர்களுக்கு அப்படியல்ல.

வடகிழக்குப் பருவமழை என்றதும் நமக்குக் கிளந்தானும் திரெங்கானுவும்தான் நினைவுக்கு வரும். மேற்குக் கரையில் மழையின் கணக்கு வேறு. காற்று திசை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் சிலாங்கூரில் மழை கூடுதலாகப் பெய்கிறது. காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்து இடியோடு கொட்டும். டிசம்பரும் நம்பக்கூடிய மாதம் அல்ல. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் உலு லங்காட்டும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாம் குளிக்கப் போகும் ஆறுகளில் பல அதே உலு லங்காட் மலைகளிலிருந்துதான் இறங்குகின்றன.

இரண்டாவது காரணம் 'கெப்பாலா ஆயர்'. நாளிதழ்களில் நாங்கள் 'நீர்ப்பெருக்கு' என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. பெருக்கு என்றால் மெல்ல ஏறுவது போன்ற எண்ணம் வருகிறது. இது ஏறுவதில்லை, பாய்கிறது. மேலே மலையில் பெய்த மழைநீர், விழுந்த மரங்களும் கிளைகளும் அடைத்துக்கொண்ட இடத்தில் தேங்கி நிற்கும். அடைப்பு உடைந்ததும் நீரும் மரமும் கல்லும் ஒன்றாக உருண்டு வரும். கீழே நாம் இருக்கும் இடத்தில் ஒரு துளிகூட மழை இருக்காது, வெயில்கூட அடிக்கலாம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கெடா, யான் வட்டாரத்தில் குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய நீர் உயிர்களைப் பறித்ததும் வீடுகளைச் சேற்றில் புதைத்ததும் இப்படித்தான்.

தப்பிப்பதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்கு முன் ஆறு சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்து ஓடிய நீர் தே தாரிக் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் திடீரென்று கூடுதலாக மிதந்து வரும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். சில நேரம் நீர்மட்டம் காரணமில்லாமல் குறையும், மேலே எங்கோ அடைத்துக்கொண்டது என்று பொருள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பாய், அடுப்பு, கோழி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையின் மேட்டுக்கு ஏற வேண்டும். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடக் கூடாது. எதிர்க்கரைக்குக் கடந்து போய் உட்காரும் பழக்கமும் வேண்டாம். கார் ஒரு கரையில், நாம் மறுகரையில் என்றால் நீர் வந்தபின் திரும்ப வழியில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று தோன்றுகிறது. ஆற்றங்கரையில் சோறு உண்பது நமக்கு வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பழக்கம் அல்ல. ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் சித்திரான்னங்கள் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகள்தாம் நாம். ஆனால் அங்கே பெருக்கு வரும் மாதம் ஊருக்கே தெரியும், மக்கள் கரையில் நின்று அதை வணங்குவார்கள். இங்கே நாம் நீருக்குள் இருக்கிறோம், அது சொல்லாமல் வருகிறது.

அப்படியானால் ஆற்றுக்கே போகக் கூடாதா? போகலாம். ஆனால் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, மணியையும் பார்க்க வேண்டும். காலை 8 மணிக்கு நீரில் இறங்கி, நண்பகலில் கரையேறி, சாப்பிட்டு, ஒரு மணிக்கெல்லாம் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். நம் வழக்கமோ நேர் எதிர். காலையில் சமைத்து, பத்தரைக்குப் புறப்பட்டு, இன்னொரு காருக்காகக் காத்திருந்து, உலு லங்காட் சாலை நெரிசலில் ஊர்ந்து, ஒரு மணிக்கு நீரில் இறங்குகிறோம். மலையில் மழை கட்டும் நேரம் அது. முந்தைய நாள் கனத்த மழை பெய்திருந்தால் அன்றைக்கு ஆறு வேண்டாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கைப்பேசிச் செயலி இலவசம். ஆனால் பிக்னிக் இடத்தின் வானிலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், அதற்கு மேலுள்ள மலையின் பக்கத்தையும் பாருங்கள்.

இடத்தை யார் நடத்துகிறார்கள் என்பதும் முக்கியம். கஞ்சிங், சுங்கை சொங்காக், சுங்கை தெகாலா போன்றவை வன இலாகாவின் பார்வையில் உள்ள பொழுதுபோக்குக் காடுகள். சிறு கட்டணம் வாங்குவார்கள், மழை கனத்தால் வாசலை மூடுவார்கள். மூடியிருப்பதைப் பார்த்துச் சலித்துக்கொண்டு, வேலிக்குப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். அங்கே நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது, எச்சரிக்க யார் வருவார்? ஆற்றோரத்தில் தனியார் வாடகைக்கு விடும் குடிசைகளும் முகாம் தளங்களும் இப்போது பெருகியிருக்கின்றன. பணம் கட்டும் முன் உரிமம் உண்டா, மழை வந்தால் யார் வந்து சொல்வார்கள், இரவில் வெளியேற எந்த வழி என்று கேளுங்கள். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் பத்தாங் காலி முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். அதுவும் பள்ளி விடுமுறைக் காலம்தான். முகாம் நடத்த அந்த இடத்துக்கு உரிமம் இல்லை என்பது நாட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீரில் இன்னொரு பயமும் உண்டு. எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ். 2010-இலிருந்து இது மருத்துவர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். அதே ஆண்டில் பகாங், மாரானில் உள்ள லுபோக் யூ அருவியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களே இந்த நோயாலும் மெலியோய்டோசிஸ் நோயாலும் தாக்கப்பட்டு, சிலர் உயிரிழந்தார்கள். மிச்சச் சோறும் கோழி எலும்பும் கரையில் கிடந்தால் எலி வரத்தான் செய்யும். குப்பைத் தொட்டி நிரம்பி வழியும் இடம் என்றால் வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம். காலில் புண் உள்ளவர்கள், குறிப்பாக நீரிழிவு உள்ள பெரியவர்கள், ஆற்றில் இறங்காமல் இருப்பது நல்லது. போய்வந்த சில நாள்களிலோ இரண்டு மூன்று வாரத்திலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், கிளினிக்கில் "ஆற்றில் குளித்தேன்" என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும்.

இத்தனை இருந்தும் நாம் ஏன் ஆற்றையே நாடுகிறோம்? மலிவு என்பது ஒரு பதில்தான். இருபது முப்பது பேர் கொண்ட குடும்பம் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போக முடியாது, டிக்கெட் விலையே ஒருவரின் பாதிச் சம்பளத்தை விழுங்கிவிடும். வெளியிலிருந்து சமைத்து எடுத்துப் போகவும் விடமாட்டார்கள். ஆனால் இன்னொரு பதிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். தோட்டத்தில் இருந்தவரை நமக்குப் பிக்னிக் தேவைப்படவில்லை. லயத்துக்கு முன்னால் திடல், திடலுக்கு அப்பால் கோயில், அதற்கும் அப்பால் ஓடை. பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாட மரநிழல் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது வீடு கிடைத்தது, திடல் கிடைக்கவில்லை. பதினேழாவது மாடியில் வளரும் பிள்ளைக்கு நீரைத் தொட ஆண்டில் இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அன்று ஓடைப்பக்கம் வளர்ந்த தாத்தாவுக்கு நீரின் குணம் தெரியும். இன்றைய பிள்ளைக்கு நீச்சலும் தெரியாது, ஆற்றின் நிறம் மாறினால் என்ன பொருள் என்றும் தெரியாது. அப்பாக்களில் சிலரோ பீர் தகரத்தைத் திறந்தபின் பிள்ளை எந்தப் பாறையில் நிற்கிறான் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும். சுங்கை கபாயின் பாறைகள் எவ்வளவு வழுக்கும் என்று ஒருமுறை ஏறியவர்களுக்குத் தெரியும்.

மழை மாதங்களில் என் தேர்வு நகரத்துப் பூங்காக்கள்தான். லேக் கார்டன் என்று நம் பெரியவர்கள் சொல்லும் பெர்டானா தாவரவியல் பூங்கா 1888-இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள முதிர்ந்த மரங்களின் நிழலுக்குக் கோலாலம்பூரில் ஈடு குறைவு. நுழைவு இலவசம். காரில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. ரவாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கேடிஎம் கம்யூட்டர் ரயிலில் ஏறி பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால், தேசியப் பள்ளிவாசலைத் தாண்டி நடக்கும் தூரம். தாத்தா பாட்டிக்கு மட்டும் ஒரு கிராப் வண்டி போதும். தித்திவங்சா ஏரிப் பூங்காவில் புல்வெளி அகலம், கோபுரங்களின் காட்சி இலவசம், ஆனால் பத்து மணிக்கு மேல் வெயில் சுடும். கெப்போங் மெட்ரோபோலிட்டன் பூங்கா பட்டம் விடுகிறவர்களின் இடம். காற்று அருமை, நிழல் குறைவு, மாலையில் போவதுதான் சரி. கெப்போங்கிலேயே இருக்கும் ஃப்ரிம் வன ஆய்வுக் கழகக் காடு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. ஈயம் தோண்டிச் சீரழிந்த நிலத்தில் மனிதர் நட்டு வளர்த்த காடு அது. கட்டணம் உண்டு, விதிகளும் உண்டு, கேட்டுவிட்டுப் போகலாம்.

ஏரியில் குளிக்க முடியாதே என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும். அதற்குக் கடல் இருக்கிறது. மோரிப், பாகான் லாலாங் போகிறவர்கள் நீர் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வற்று நேரத்தில் போனால் கடல் எங்கோ தூரத்தில் இருக்கும், சேறுதான் மிச்சம். போர்ட்டிக்சன் தெலுக் கெமாங் தூரம்தான், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை என்றால் தாங்கும். கடலில் மலையிலிருந்து பாயும் நீர் இல்லை என்றாலும் பிள்ளை இடுப்பளவு நீரில் நின்றால் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

எந்த இடமானாலும் கழிப்பறையை முதலில் பாருங்கள். பெண்களும் வயதானவர்களும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வீடு திரும்பும் பிக்னிக் யாருக்கு? இதில் ஊராட்சி மன்றங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. செல்ஃபி எடுக்கும் எழுத்து வளைவுகளுக்குச் செலவிடும் பணத்தில் இன்னும் இரண்டு கழிப்பறைகளைக் கழுவி வைக்கலாம். ஆற்றோர எச்சரிக்கைப் பலகைகளில் தமிழும் இருக்க வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் கேட்கலாம். பாட்டிகள்தான் கரையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்குப் புரியும் மொழியில் பலகை இருப்பது ஆடம்பரம் அல்ல.

நம் பங்கு குப்பை. 2026 ஜனவரி 1 முதல் நாட்டின் பல பகுதிகளில் பொது இடத்தில் குப்பை போட்டால் 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு 12 மணி நேரம் வரை சமூக சேவையும் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு சாலையைக் கூட்ட வேண்டியிருக்கும். இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகளைச் சோற்றுப் பானையோடு சேர்த்தே கட்டிவிடுவது எளிது.

சோறு என்றதும் ஒன்று. தேங்காய்ப்பால் விட்ட நாசி லெமாக்கும் சம்பாலும் சூடான கார் பூட்டில் நான்கு மணி நேரம் தாங்காது. அந்தக் காலத்தில் லோரி ஏறிப் போர்ட்டிக்சன் போன தோட்டத்து மக்கள் புளிச்சோறு கட்டியது ருசிக்காக மட்டும் அல்ல.

எங்கள் குழுவில் ஒருவழியாக முடிவாகிவிட்டது. ஞாயிறு காலை எட்டு மணி, லேக் கார்டன். ஆறு வேண்டுமென்றால் மழை குறையும் பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டிப் பார்க்கலாம் என்று சித்தப்பா இறங்கி வந்தார். புளிச்சோறு கட்டப்போவது பெரியம்மாவா அத்தையா என்பதில்தான் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.