நம் ஊர்ப் பள்ளி நல்ல பள்ளியா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அனைவரும் கலைந்து சென்ற பிறகு, நம் சபையின் இளந்தாய் ஒருவர் ஆலய வாசலில் எனக்காகக் காத்து நின்றார். "ஐயா, சின்னவள அடுத்த வருசம் இங்கிலீஷ் மீடியத்துல போட்டுடலாம்னு பாக்குறோம். வேன் வீட்டு வாசலுக்கே வருதாம். நம்ம ஊரு பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தானாய்யா? நீங்க சொன்னா கேட்டுக்கறோம்" என்றார். அவருடைய கணவர் தம் பாட்டு முறை வரும் நாட்களில் ஏரியில் இறால் வலை போடுகிறவர். வேன் கட்டணத்திற்கும் முதல் தவணைக்கும் காதில் கிடக்கும் தோட்டை அடகு வைக்க வேண்டியிருக்கும் என்பதை அவர் சொல்லாமலே நான் அறிவேன்.

நான் சிறிதும் யோசியாமல் பதில் சொன்னேன். "நல்லாத்தானேம்மா இருக்கு. சுவரெல்லாம் புதுசா பெயிண்ட் அடிச்சு, படமெல்லாம் போட்டிருக்காங்களே." அவர் தலையசைத்துச் சென்றுவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் அந்தப் பதில் என் உள்ளத்தை உறுத்திற்று. இந்த ஊழியத்திற்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. காட்டூரிலிருந்து ஏரிக்கரைக் குப்பங்களுக்குச் செல்லும்போதெல்லாம் அந்தப் பள்ளியைக் கடந்துதான் செல்கிறேன். உள்ளே சென்றது சுதந்திர தினக் கொடியேற்றத்திற்கு இரண்டு முறை, வாக்களிப்பதற்கு ஒரு முறை. என் சொந்தப் பிள்ளைகள் இருவரும் கட்டணம் செலுத்தும் ஆங்கில வழிப் பள்ளிகளில் படித்தவர்கள். அப்படிப்பட்ட நான், ஒரு ஏழைத் தாயிடம் அரசுப் பள்ளி நல்ல பள்ளி என்று நற்சான்று கொடுக்கிறேன்; அதற்கு ஆதாரம் சுவரில் பூசிய வர்ணம்! ஈசாயின் வீட்டில் மூத்த மகனின் உயரத்தைக் கண்டவுடன் இவனே ராஜா என்று எண்ணிய சாமுவேல் தீர்க்கதரிசியைப் பற்றி எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்!

ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியாகிய தாயாரை அழைத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் சென்று அனுமதி கேட்டேன். "பார்வையிட வந்தீங்களாய்யா, உட்கார வந்தீங்களா?" என்று கேட்டார். உட்கார வந்தேன் என்றேன். மூன்று நாட்கள் காலை வேளையில் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்திருந்தேன். கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுகிறேன்.

முதலாவது, நம்மிடையே உலவும் ஒரு குற்றச்சாட்டு. "மூணாவது படிக்கிற பிள்ளைய ஒண்ணாவது பிள்ளையோட உட்கார வெக்கிறாங்க" என்று நம்மில் சிலர் கோபத்தோடு சொல்வதுண்டு. நானும் அதைச் சீர்கேடு என்றே எண்ணியிருந்தேன். அது எண்ணும் எழுத்தும் திட்டத்தின் முறையாகும். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் எழுத்தே அறியாமல் வகுப்பு ஏறிய பிள்ளைகளுக்காக, 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்திலேதான் அதைத் தொடங்கினார்கள். ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்றிருக்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தி அதை ஊமையாக்குவதைவிட, அது நிற்கும் படியிலிருந்து கைபிடித்து ஏற்றுவது நல்லதல்லவா? கௌரவக் குறைவு என்று நாம் கண்டது உண்மையில் அக்கறை.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டேன். இதையும் குறை சொல்வார் உண்டு. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தி, மூத்த மாணவரைக் கொண்டே இளையவருக்குக் கற்பித்தார். இங்கிலாந்து அதை "மெட்ராஸ் முறை" என்று பெயரிட்டு எடுத்துக்கொண்டது. நம் மணலிலிருந்து கப்பலேறிப் போனதை நாமே ஏளனம் செய்ய வேண்டாம்.

ஆனால் என்னைக் கலங்கச் செய்த காரியங்களும் உண்டு. அவற்றை மறைத்தால் நான் மறுபடியும் வர்ணத்தையே புகழ்ந்தவனாவேன்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் குறிப்பேட்டைப் புரட்டினேன். முத்து முத்தான கையெழுத்து, பக்கத்திற்குப் பக்கம் சிவப்பு மையில் சரி அடையாளம். எந்தத் தாயும் பூரித்துப்போவாள். பாடநூலைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். தங்குதடையின்றி வாசித்தாள். எனக்கு ஏதோ சந்தேகம் தோன்ற, வரியின் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்றேன். விழித்தாள். வேறொரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. பாடம் முழுவதும் செவிவழியே மனப்பாடம். குறிப்பேடு முழுவதும் கரும்பலகையைப் பார்த்து வரைந்த சித்திரம். அந்த அறையில் இவளைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். மூன்று நாட்களில் ஒரு நாள் அவர்களுடைய ஆசிரியை பயிற்சிக்குச் சென்றுவிட்டபடியால், அன்று முழுவதும் பார்த்தெழுதுதலே அவர்களுக்குப் பாடமாயிற்று.

ஆசிரியர்மேல் எளிதாகப் பழி போடலாம். அன்று இரவு எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நம் ஞாயிறு பள்ளியில் மனன வசனப் போட்டியில் இந்தச் சிறுமிக்குத்தான் இரண்டு ஆண்டுகளாக முதல் பரிசு கொடுத்தேன். ஒரு நாளும் வேதாகமத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னதில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதைப் பள்ளி அறியாதிருந்தால், ஞாயிறுதோறும் அவளைப் பார்க்கும் நான் மட்டும் எப்படி அறியாதிருந்தேன்?

இந்தக் குறை நம் குப்பத்திற்கு மட்டும் உரியதன்று. 2005 முதல் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் செய்து பார்க்கும் அசர் என்னும் ஆய்வு இருக்கிறது. 2024ஆம் ஆண்டு நாடு முழுவதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்பு அளவிலான பகுதியை வாசிக்க முடிந்தவர்கள் 27.1 விழுக்காட்டினரே. இது அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டையும் சேர்த்த கணக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 23.4 விழுக்காடு, 2022இல் அது 16.3ஆக இருந்தது. கழுத்துப்பட்டை கட்டி வேனில் ஏறினவுடன் பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிடும் என்று இந்த எண்கள் சொல்லவில்லை. அரசுப் பள்ளி என்றால் எல்லாம் நன்று என்றும் சொல்லவில்லை.

இன்னொரு சிறுவனையும் சொல்ல வேண்டும். காலையில் தாயோடு நண்டு விற்கும் இடத்தில் நிற்பவன். ஒன்றேகால் கிலோ நண்டுக்கு விலை சொல்லி, ஐந்நூறு ரூபாய்க்கு மீதி கேட்டால் நாம் பையைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவான். கரும்பலகையில் அதே கழித்தலை எழுதினால் கையைப் பிசைகிறான். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதையே கண்டதாக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு 2025இல் நேச்சர் இதழில் எழுதியது. கர்த்தர் அவனுக்குக் கொடுத்த அறிவில் குறைவில்லை. நண்டுக் கூடையிலிருந்து கரும்பலகைக்கு ஒரு பாலம் போட யாரேனும் வேண்டும். தலைமையாசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அவன் நண்டு விக்கிறது எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றார். மறுநாள் கரும்பலகையில் நண்டு விலை இருந்தது. ஆசிரியர் ஒருவரைப் பற்றி நான் மதிப்பெண் போட வேண்டுமானால், அந்த மறுநாளுக்காகவே போடுவேன்.

வருகைப் பதிவேட்டையும் காட்டினார். அதைப் பார்த்துத் தலைகுனிந்தது நான்தான். ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டிற்கு 200 வேலை நாட்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வாரத்திற்கு ஒரு நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ, இறால் தரம் பிரிக்கவோ, உறவினர் வீட்டு விசேஷத்திற்கோ பிள்ளையை நிறுத்தினால் நாற்பது நாட்கள் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் எடுத்துக்கொண்ட நாட்களை நாம் தடுத்திருக்க முடியாது; இவற்றை முடியும். நம் சபையின் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டங்களின்போது பள்ளி பாதி காலியாயிருந்ததும் அந்தப் பதிவேட்டில் இருந்தது.

காலை உணவைப் பற்றி ஒரு வார்த்தை: 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து, விடியுமுன் மீன் ஏலத்திற்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள் பசியோடு வகுப்பில் சுருண்டு கிடப்பதில்லை. அந்தப் பொங்கலை நானும் உண்டேன். உப்பு சற்று அதிகம்.

இரண்டே ஆசிரியர்கள் என்ற குறைக்கு வருவோம். சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அறுபத்தொன்றானால் மூன்று. ஆசிரியர் இல்லை என்று நாம் பிள்ளைகளை எடுக்கிறோம். பிள்ளைகள் குறைந்ததால் பணி நிரவலில் ஆசிரியர் வேறு ஊருக்குச் செல்கிறார். அதைக் காட்டி அடுத்த வீட்டாரும் எடுக்கிறார்கள். இதை அறிந்தும், "ஆகையால் உன் பிள்ளையை இங்கேயே விடு" என்று அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர்ப் பள்ளியைத் தாங்கும் தூணாக ஓர் ஆறு வயதுப் பிள்ளையை நிறுத்த எனக்கு என்ன உரிமை? அதிலும், தன் பிள்ளைகளை நிறுத்தாத எனக்கு?

ஆகவே அவருடைய வீட்டிற்குச் சென்று முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, பிள்ளை பார்த்திராத ஒரு சிறு கதையை அவள் கையில் கொடுத்தோம். மெதுவாக, சொல் சொல்லாகக் கூட்டி, பாதிக் கதை வாசித்தாள். முதல் வகுப்பிற்கு அது குறைவன்று. "அந்த வேன் பள்ளிக்கூடத்துக்கும் போய், மூணாவது படிக்கிற ஒரு பிள்ளைய இதே மாதிரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கம்மா. அங்க நல்லா வாசிச்சா, தாராளமா சேருங்க" என்றேன். அவர் போய் வந்தார். கட்டணத் தாளும் சீருடை அளவும் கொடுத்தார்களாம். வகுப்பறையைப் பார்க்கப் பெற்றோருக்கு அனுமதி இல்லையாம். நம் பள்ளியிலோ அவர் உள்ளே சென்று அமரலாம், கேட்கலாம். மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. தோடு இன்னும் காதில்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் புறப்படும்போது நடந்ததைச் சொல்ல மறந்தேன். ஒரு பொடியன் ஆசிரியையின் சேலையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், பூநாரை ஏன் ஒத்தக் கால்ல நிக்குது?" என்று கேட்டான். அவர் அதட்டவில்லை. "எனக்கும் தெரியலடா. நீ சாயங்காலம் ஏரிக்குப் போய், எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எண்ணிட்டு வா" என்றார். பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து கேள்வி கேட்ட பிள்ளை நம் ஆண்டவர். கேள்வி கேட்கப் பயப்படாத பிள்ளைகள் ஒரு பள்ளியில் இருந்தால், அங்கே ஏதோ ஒன்று சரியாக நடக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இனி ஓர் அறிவிப்பு. மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குத் தாய்மார் ஏன் வருவதில்லை என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். சற்றுத் தயங்கி, "கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானங்கய்யா. அப்போ எல்லாரும் உங்க உபவாச ஜெபத்துல இருக்காங்க" என்றார். ஆகவே இந்த மாதம் முதல், குழு கூடும் வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபம் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு நிறைவுபெறும். ஞாயிறு பள்ளியில் மனன வசனப் போட்டியோடு வாசிப்பும் இருக்கும். பிள்ளைகள் படிக்கத்தக்க பழைய கதைப் புத்தகங்கள் வீட்டில் இருந்தால் ஆலய அலுவலகத்தில் கொடுங்கள். அந்த நான்காம் வகுப்புச் சிறுமிக்கு மாலை வேளையில் அரை மணி நேரம் ஒதுக்கக்கூடிய வாலிபச் சகோதரிகள் என் மனைவியிடம் பெயர் கொடுக்கலாம். அவளைப் போல இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள்.