எல்லைக்கு இருபுறமும் இரு நினைவுகள்



ஒரு சமூகம் தன் கடந்தகாலத்திலிருந்து சிலவற்றைத் தேர்ந்து, விழா, சிலை, பாடநூல் வழியே அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதே 'கூட்டு நினைவு'. இக்கருத்தைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். அத்தேர்வு இடத்துக்கு இடம் மாறும் என்பதற்குக் கர்நாடக, தமிழக எல்லையே சான்றாகும். மொழிவழி மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்த 1956 நவம்பர் 1ஐக் கர்நாடகத்தின் அத்திபெலே ராஜ்யோத்சவமாகக் கொண்டாட, அடுத்துள்ள தமிழகத்தின் ஓசூரிலோ, மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய 1967 ஜூலை 18, அரசின் 2021ஆம் ஆண்டு அறிவிப்பின்படி தமிழ்நாடு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வேறுபட்ட நினைவுகள் மோதியும் இருக்கின்றன, இணங்கியும் இருக்கின்றன. பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகே 1991 முதல் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9இல் திறக்கப்பட்டதும், நான்கு நாள்களில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டதும், இரு மாநில முதல்வர்களும் இரு விழாக்களிலும் பங்கேற்றதும் இணக்கத்தின் அடையாளங்கள்.

இந்திய தேசிய அடையாளம் ஒற்றை நினைவால் அன்றி, பிறர் நினைவையும் மதித்து ஏற்பதாலேயே வலுப்பெறும் என்பதால், வள்ளுவரைக் கர்நாடகப் பாடநூல்களும் சர்வக்ஞரைத் தமிழகப் பாடநூல்களும் உரிய விரிவோடு அறிமுகப்படுத்துவதை இரு அரசுகளும் உறுதிசெய்ய வேண்டும்.

– வாசகர், அத்திபெலே