குட்டிகள் காட்டுக்கே திரும்ப வேண்டும்

2023 மார்ச்சில், தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே விவசாய நிலத்தில் திருட்டுத்தனமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்து விழுந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் அந்த உடல்களை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்தன. பார்த்துக் கலங்காதவர் இல்லை. கலங்கியதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதா?

தாயைப் பிரிந்த குட்டி கிடைத்தால், வனத்துறை முதலில் அதைக் கூட்டத்தோடு சேர்க்கப் பார்க்கிறது. அதுதான் சரி. 2023 டிசம்பர் இறுதியில் ஆனைமலையில் வழிதவறிய குட்டியைக் குளிப்பாட்டி, மனித வாடையைப் போக்கி, தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் ஊழியர்கள். சில நாள்களில் அது தாயின் மேல் சாய்ந்து தூங்கும் படம் வெளிவந்தது, நாடே நெகிழ்ந்தது. எல்லா முயற்சியும் அப்படிப் பலிப்பதில்லை. 2024-இல் மருதமலை அடிவாரத்தில் நோயுற்று விழுந்த தாய்க்கு மருத்துவம் பார்த்து எழுப்பி நிறுத்தினார்கள். அது காட்டுக்குள் போய்விட்டது. ஆனால் அதன் குட்டியைத் தாயும் ஏற்கவில்லை, வேறு கூட்டமும் ஏற்கவில்லை. கடைசியில் அந்தக் குட்டி தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு அனுப்பப்பட்டது.

நம் குறை இங்கேதான் தொடங்குகிறது. முகாமுக்குப் போன குட்டி, பொதுவாக முகாம் யானையாகவே வளர்கிறது. ரகு, பொம்மி என்ற குட்டிகளைப் பொம்மன் – பெள்ளி தம்பதி வளர்த்த அன்பை ஆஸ்கர் விருது பெற்ற ஆவணப்படத்தில் உலகமே பார்த்தது. அந்த அன்புக்கு நாம் தலைவணங்குகிறோம். அவர்கள் இல்லையென்றால் அந்தக் குட்டிகள் பிழைத்திருக்காது. ஆனால் உயிர் பிழைத்த குட்டி, வாழ்நாள் முழுவதும் பாகனின் குரலுக்குக் கட்டுப்பட்டு நிற்பதுதான் மீட்பின் முடிவா?

இலங்கையின் உடவளவையில் இதற்கு வேறு பதில் இருக்கிறது. அந்நாட்டு வனஜீவராசிகள் திணைக்களம் 1995-இல் அங்கே தேசியப் பூங்காவின் ஓரத்தில் குட்டிகளுக்கென இடைத்தங்கல் நிலையம் ஒன்றைத் தொடங்கியது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பார்கள். குட்டிகள் முண்டியடித்துக்கொண்டு ஓடிவரும். புனல் வைத்த குழாய் வழியே பாலைக் குடித்து முடித்ததும் மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும். தடவிக் கொடுப்பதோ வித்தை பழக்குவதோ கிடையாது. பார்வையாளர்கள் தூரத்து மேடையில்தான் நிற்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து வயதானதும், ஒன்றாக வளர்ந்தவற்றை ஒரு குழுவாகவே காட்டில் விடுகிறார்கள். 1998 முதல் இப்படி நூற்றுக்கும் மேற்பட்டவை காடு திரும்பியுள்ளன. அவற்றில் சில பெண் யானைகள் காட்டிலேயே குட்டியும் ஈன்றுள்ளன. அதே நாட்டில் 1975-இல் தொடங்கிய பின்னவலை காப்பகத்திலோ, வளர்ந்த யானைகள் மனிதரோடேயே தங்கிவிட்டன. வளர்க்கும் முறை வேறு, விளைவும் வேறு.

மனிதர் கையில் பால் குடித்தது ஊருக்குள் வராதா, வயலில் இறங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான அச்சம்தான். உடவளவையில் விட்டவை எல்லாமே பிழைத்துவிடவும் இல்லை. ஆனால் மனிதரிடம் ஒட்டாமல் வளர்ப்பதும், கூட்டமாக விடுவதும், ரேடியோ காலர் மாட்டிக் கண்காணிப்பதும் அந்த அச்சத்துக்காகத்தான். குட்டிக்குப் பாலைவிடத் துணை முக்கியம். தனியாக வளரும் குட்டி பாகனையே தாயாக நினைக்கும். பத்துக் குட்டிகள் சேர்ந்து வளர்ந்தால் அதுவே ஒரு கூட்டம்.

தமிழக அரசு இப்படியொரு நிலையத்தை நீலகிரி வனப்பகுதியிலோ சத்தியமங்கலத்திலோ உடனே தொடங்க வேண்டும். காடறிந்த பழங்குடியினரையே அதன் காவலர்களாக்க வேண்டும். கேரளமும் கர்நாடகமும் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. மின்வேலிகளை ஒழுங்குபடுத்த 2023-இல் கொண்டுவந்த விதிகளைக் கறாராக நடைமுறைப்படுத்தினால், அனாதையாகும் குட்டிகளே குறையும்.

காட்டோர மக்களிடமும் வழிப்போக்கர்களிடமும் ஒரு வேண்டுகோள்: தனியாக நிற்கும் குட்டியைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள். தொடாதீர்கள், மாட்டுப்பால் கொடுக்காதீர்கள், செல்போனோடு கூட்டம் கூடாதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். தாய் பக்கத்துப் புதரிலேயே காத்து நிற்கலாம்.