லயத்தை யார் வரைவது?

கட்டடக்கலை மாணவர்களின் வரைபடங்களுக்கு ஆயுள் குறைவு. மதிப்பெண் விழுந்ததும் பாதி சுருட்டப்பட்டு மூலைக்குப் போகும். மீதி, விடுதி அறையைக் காலி செய்யும் நாளில் பழைய தாளோடு எடைக்குப் போகும். இதற்கு விலக்காக இருந்தது பாரிஸ் நுண்கலைப் பள்ளி. 1720 முதல் 1968 வரை அங்கே நடந்த ரோமாபுரிப் பரிசுப் போட்டியில் வென்ற மாணவர்களின் வரைபடங்களைப் பள்ளியே தன் உடைமையாக்கிப் பாதுகாத்தது.

அந்தப் போட்டியின் விதிகள் கடுமையானவை. முதற்கட்டத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஒரு வரைவு. தேறியவர்களுக்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் இன்னொன்று. அதிலும் மிஞ்சிய சிலர் தனித்தனி அறைகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து இறுதிப் படங்களை வரைய வேண்டும். முதலில் போட்டுக் கொடுத்த கருத்திலிருந்து விலகினால் போட்டியிலிருந்தே நீக்கம். வென்றவருக்கு ரோம் நகரின் வில்லா மெதிச்சியில் அரசு செலவில் சில ஆண்டுகள் வாழ்க்கை.

1975 அக்டோபரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தப் பள்ளியின் வரைபடங்கள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைச் சுவரில் மாட்டியது. ஏற்பாடு செய்தவர் ஆர்தர் ட்ரெக்ஸ்லர். தூணும் வளைவும் செத்துப்போயின என்று நாற்பது ஆண்டுகளாகப் பிரசாரம் செய்துவந்த இடம் அது. அங்கேயே இப்படியொரு கண்காட்சியா என்று பலர் கொதித்தார்கள். ஆனால் காலம் அதற்குக் கனிந்திருந்தது. அதே நகரின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். பாரிஸின் லே ஆல் சந்தை 1971இல் இடிபட்டது. அந்த இரும்புக் கூடங்களைக் கட்டிய விக்தோர் பல்தார், 1833இல் ரோமாபுரிப் பரிசு பெற்ற மாணவர். இடித்த பிறகுதான் வரைபடத்தின் அருமை தெரிந்தது.

அந்தப் படங்களின் அழகில் நமக்குச் சந்தேகம் இல்லை. நம் கேள்வி வேறு. என்ன வரையச் சொன்னார்கள்? 1824இல் ஹென்றி லாப்ரூஸ்த் வென்ற தலைப்பு, நாட்டின் உச்ச நீதிமன்றம். 1899இல் டோனி கார்னியே வென்ற தலைப்பு, அரசு வங்கியின் தலைமையகம். நீதிமன்றம், வங்கி, அரண்மனை என்று எதை நடுவர்கள் தலைப்பாக வைத்தார்களோ அதுவே ‘கட்டடக்கலை’ ஆனது. மற்றவை வெறும் கொட்டகை.

கார்னியே இதை மீறினார். ஆண்டுக்கணக்கில் முயன்று பரிசை வாங்கியவர், ரோமுக்குப் போனதும் பழைய கோயில்களை அளந்து அனுப்புவதற்குப் பதிலாக 35,000 பேர் வாழும் ஒரு தொழில் நகரத்தை வரைந்தார். தொழிலாளர் வீடுகள், அவற்றுக்கு வெளிச்சமும் காற்றும் வரும் வழி, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அதில் உண்டு. சிறையும் படைக்கொட்டடியும் இல்லை. பாரிஸ் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தத் துஸ்குலம் என்ற பழைய ரோமானிய ஊரையும் அவர் வரைந்து அனுப்ப வேண்டியிருந்தது. இன்று துஸ்குலத்தை யாரும் தேடுவதில்லை. தொழில் நகரம் இல்லாத நகரமைப்பு வரலாற்று நூலும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மலாய் உலகக் கட்டடச் சூழல் ஆய்வு மையம் இருக்கிறது. சுருக்கப் பெயர் ‘கலாம்’. பல தலைமுறை மாணவர்கள் அளவுநாடாவும் ஏணியுமாக மலாய்க் கிராமங்களான கம்பங்களுக்குப் போய் எடுத்த அளவு வரைபடங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. மரவீடுகள், அரண்மனைகள், பள்ளிவாசல்கள். ஆணி அடிக்காமல் ஆப்பு வைத்து இறுக்கிய மூட்டு எப்படி நிற்கிறது, கூரை முகட்டில் வானத்தைச் சுட்டும் மரக்கொம்பு எந்த அளவு என்பதுவரை இத்தகைய படங்கள் சொல்லும். மரவீடு நூறாண்டு தாங்குவதே அரிது. வீடு போன பிறகு படம்தான் வீடு. இவற்றை அலமாரியில் பூட்டி வைக்காமல் ஜொகூர் பாரு நகருக்குள் கொண்டுவந்து பொதுமக்கள் பார்வைக்கு மாட்ட வேண்டும். அடுத்து என்ன வரையப்பட வேண்டும் என்பதையும் அந்தச் சுவர்களின் முன்னால் நின்றே பேச வேண்டும்.

நாம் சொல்வது, தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த லயத்தை. ஒரே நாகத்தகட்டுக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள். பத்துப் பன்னிரண்டு அடிக்குள் ஒரு குடும்பம். தடுப்புப் பலகை கூரையைத் தொடாது, ஆகவே பக்கத்து அறையின் இருமலும் சண்டையும் இந்த அறைக்கும் சொந்தம். வெளியே பொதுக்குழாய், தள்ளிக் கழிப்பறை. மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள், பள்ளத்தில் லயம். நடுவில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை. யார் யாரைப் பார்க்கலாம், யார் யாரிடம் நடந்து போக வேண்டும் என்பதைத் தரையிலேயே எழுதிவைத்த திட்டம் இது. இதைவிடத் தெளிவான அதிகார வரைபடத்தை எந்தப் பாரிஸ் மாணவனும் போட்டதில்லை. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ போன்ற நாவல்கள் தோட்டத்து மனிதர்களைச் சொல்லியிருக்கின்றன. கதவின் அகலத்தையும் பலகையின் கனத்தையும் நாவலிடம் கேட்க முடியாது.

குளுவாங், சிகாமட், கூலாய், மாசாய் வட்டாரங்களில் தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. 2006இல் தொடங்கிய இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டம் இதை வேகப்படுத்தியது. லயம் இடிபட்டதற்காக யாரும் அழ வேண்டாம். அது நல்ல வீடு அல்ல. 1966லும் 1990லும் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் கேட்டுச் சட்டம் போட வேண்டியிருந்ததே அதற்குச் சாட்சி. நல்ல வீடு அல்ல என்பதாலேயே அதை அளந்து வைக்க வேண்டும்.

அமெரிக்கர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 1933இல், வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்குப் பிழைப்புக் கொடுக்கத் தொடங்கிய வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்பு, தோட்ட முதலாளிகளின் மாளிகைகளோடு அவற்றின் பின்புறம் இருந்த அடிமைக் குடில்களையும் அளந்தது. அடிமைகள் வாழ்ந்த இடத்தை ஆராய்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அந்தப் படங்களே ஆதாரம். 1983 முதல் அதே திட்டத்தின்கீழ் மாணவர்களுக்குப் பீட்டர்சன் பரிசு என்று ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. அனுப்பும் அளவு வரைபடம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேரும். இந்தியாவிலும் 1957இல் தொடங்கிய தேசியக் கட்டடக்கலை மாணவர் சங்கம், ஆவணப்படுத்தலுக்கென்றே லூயி கான் பெயரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறது. பச்சைக் கோபுரமும் மிதக்கும் நகரமும் கேட்டு, பரிசளிப்போடு கணினியில் மறந்துபோகும் போட்டிகளைவிட இவை எவ்வளவோ மேல்.

எனவே மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கத்துக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நம் கோரிக்கை: எஞ்சியிருக்கும் லயங்களையும் தோட்டத்துப் பள்ளிகளையும் அளந்து வரைய ஒரு மாணவர் போட்டி வையுங்கள். வென்ற படத்தை மட்டுமல்ல, வந்த எல்லாப் படங்களையும் காப்பாற்றுங்கள். பாரிஸ் பள்ளி செய்யத் தவறியது அதைத்தான்.

வாசகர்களுக்கும் ஒன்று. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நீங்களோ உங்கள் அம்மாவோ வாழ்ந்த லயத்தை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். அடுப்பு எங்கே, சாமிப்படம் எங்கே, குழாய் எங்கே என்று குறித்தால் போதும். அடிக்கணக்கு தெரியாவிட்டால் எத்தனை எட்டு என்று எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மறக்காமல் சேருங்கள். வருவதை எல்லாம் வெளியிடுவோம்.