வேகக் காருக்கு அப்பாவின் கையெழுத்தா?

பல்கலைக்கழகத்தில் என் நண்பர்கள் நால்வர் கூடினால் பேச்சு கடைசியில் கார்களில்தான் போய் நிற்கும். 2007க்கும் 2010க்கும் இடையே ஜப்பானில் தயாரான ஹோண்டா சிவிக் டைப் ஆர் மீது அவர்களுக்குத் தனி மயக்கம். கையால் கியர் மாற்றும் வண்டி, 8,000 சுற்றுகளைத் தாண்டியும் சளைக்காத இயந்திரம். எனக்கும் பிடிக்கும். காரை விரும்பும் இளையரை உடனே ஊதாரி என்று சொல்லிவிடும் பெரியவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், “வேலை கிடைத்த கையோடு வாங்கிவிடுவேன்” என்று ஒரு நண்பர் சொன்னால் கணக்குக் கேட்கத் தோன்றுகிறது.

சிங்கப்பூரில் 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, இல்லாமல் கார் வைத்திருக்க முடியாது. அதன் ஆயுள் பத்து ஆண்டுகள். டைப் ஆர் போன்ற 2,000 சிசி வண்டிகள் பி பிரிவில் வருகின்றன. 2023 அக்டோபரில் அப்பிரிவின் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது.

பழைய கார் மலிவு என்பார்கள். விளம்பர விலையைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். சிஓஇ முடிய இரண்டு மூன்று ஆண்டுகளே மீதமிருப்பதால்தான் அந்த விலை. அதன்பின் புதுப்பிக்க, முந்தைய மூன்று மாதங்களின் சராசரிக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். அது 120,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் மாதம் 1,000 வெள்ளி. பெட்ரோல் ஒரு சொட்டுகூட ஊற்றாமல், வண்டியைச் சாலையில் வைத்திருக்கும் உரிமைக்கு மட்டும் ஆகும் செலவு இது.

சாலை வரியும் சும்மா விடாது. 2,000 சிசி காருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,210 வெள்ளி. பத்து வயதைத் தாண்டியதும் ஆண்டுதோறும் 10 விழுக்காடு கூடி, உச்சமாக 50 விழுக்காடு மிகைக்கட்டணம் சேரும். ஆக, அந்தப் பழைய டைப் ஆருக்கு 1,800 வெள்ளிக்கு மேல். வீவக கூரையுள்ள கார் நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி. இந்த இயந்திரம் கேட்பது உயர்ரக 98 பெட்ரோல்; அதில் தீர்வை மட்டுமே லிட்டருக்கு 79 காசு. ஜோகூருக்குப் போய் நிரப்பலாம் என்றால், எல்லை தாண்டும்போதே தொட்டி முக்கால் அளவு நிறைந்திருக்க வேண்டும். பிரேக், டயர், கிளட்ச் என்று பட்டறைக்குச் செல்லும் செலவு தனி. வேகமாக ஓட்டினால் அவையும் வேகமாகத் தேயும்.

என்னை அதிகம் உறுத்துவது கடன்தான். காரின் பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேல் போனால் 60 விழுக்காடு வரைதான் கடன் கிடைக்கும்; ஏழு ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். நிலையான வருமானம் இல்லாத மாணவருக்கு யார் தருவார்? அப்பாவைப் பிணைக்கு நிறுத்துகிறோம். அவர் பேருந்து ஓட்டுநராகவோ தேக்காவில் கடை வைத்திருப்பவராகவோ இருக்கலாம். தவணை தவறினால் ஓய்வுக்காலத்துக்கு அவர் சேர்த்ததில் கைவைக்க நேரும்.

காப்புறுதியிலும் சிலர் அப்பா பெயரைப் பயன்படுத்துகிறார்கள். புதிய ஓட்டுநருக்குச் சந்தா அதிகம் என்பதால், தினமும் மகன் ஓட்டும் காரை அப்பா ஓட்டுவதாக எழுதிக் கொடுப்பது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். இதைச் சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இத்தனைக்கும் நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே கார் நிறுத்த இடம் தேடுவதே பந்தயம்தான்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு யோசனை. தவணை, காப்புறுதி, வரி, பட்டறைச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகையை ஆறு மாதங்களுக்குத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். இதை நண்பரிடம் சொன்னேன். பகுதிநேர வேலைச் சம்பளத்தில் முதல் மாதத்துக்கே போதவில்லையாம். விடுமுறையில் செப்பாங்கிற்கு கோ-கார்ட் ஓட்டப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.