சோற்றுப் பொட்டலமும் போர் விமானமும்

வல்லரசின் இயந்திரப் படையை ஏழை நாட்டின் வீரம் மட்டுமே வென்றது என மேடைதோறும் முழங்குவோர் இருக்கின்றனர். வியட்நாம் என்ற ஒரு சொல் அவர்களுக்குப் போதும்; மூங்கில் முள் பி-52 விமானத்தை வீழ்த்தியதாகக் கூறிக் கைதட்டல் பெற்றுவிடலாம். செவிக்கு இனிய இப்பேச்சு உண்மையன்று. வீரம் ஒன்றே வெல்லுமாயின் தோற்றோர் யாவரும் கோழைகளா? 1948 முதல் 1960 வரை மலாயாக் காடுகளில் போரிட்ட கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் தோற்றனர். அட்டைக்கடியிலும் பட்டினியிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்கு நெஞ்சுரம் இல்லை என்று எவர் சொல்லக்கூடும்?

வியட்நாமியர் இயந்திரத்தை வெறுங்கையால் எதிர்க்கவில்லை; அது பயன்படாத இடத்தைத் தேடிச் சென்றனர். 1954இல் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் முகாமிட்ட பிரெஞ்சுக்காரர், சுற்றியுள்ள மலைகளில் பீரங்கிகளை நிறுத்த எதிரிக்கு இயலாதெனக் கணக்கிட்டனர். தளபதி வோ குயென் ஜியாப்பின் படையினர் அவற்றைக் கயிறு கட்டி இழுத்தேற்றி, மலையைக் குடைந்து உள்ளே மறைத்து வைத்தனர். 200 கிலோவுக்கும் மேற்பட்ட சுமையை ஒரே மிதிவண்டியில் ஏற்றித் தள்ளிச் சென்றவர்கள் அரிசி கொடுத்தனர். விமானத் தளம் குண்டடிபட்டு மூடப்பட்டது. மே 7ஆம் நாள் முகாம் வீழ்ந்தது. அந்தப் பீரங்கிகள் சீனா வழியாக வந்தவை என்பதை மேடைப் பேச்சாளர் சொல்வதில்லை.

அமெரிக்கர் வந்தபோதும் அறிவே முன்னின்றது. தொலைவில் நின்றால் விமானமும் பீரங்கியும் அழித்துவிடும் என்பதை 1965இல் இயா திராங் சண்டை காட்டிற்று. ஆகவே, எதிரியின் இடுப்புக் கச்சையைப் பற்றிக்கொள் என்பது அவர்களின் விதியாயிற்று. சில பத்து அடி தூரத்திற்குள் நெருங்கிவிட்டவன்மீது குண்டு போட்டால் சொந்தச் சிப்பாயும் சாவான். கூச்சியில் 200 கிலோமீட்டருக்கும் மேலாகச் சுரங்கம் தோண்டினர். வெடிக்காது கிடந்த அமெரிக்கக் குண்டுகளை அறுத்து, உள்ளிருந்த மருந்தைக் கொண்டே கண்ணிவெடி செய்தனர். மனித வாடையை மோப்பம் பிடிக்கும் கருவியை ஹெலிகாப்டரில் கட்டிப் பறந்தவர்களை ஏமாற்ற, மரக்கிளைகளில் சிறுநீர் வாளிகளைத் தொங்கவிட்டனர். பெரும்பொருள் செலவிட்டு உருவான கருவிக்கு மாற்று, ஒரு வாளி!

எனினும் 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் மாளிகையின் வாயிலை உடைத்து நுழைந்தது கொரில்லா அன்று. வடவியட்நாம் முறைப்படையின் டாங்கி. கொரில்லாக்கள் ஈட்டித் தந்தது காலம். அமெரிக்க மக்கள் போரில் சலிப்புறும் வரையிலான காலம். 1968இல் மறைவிடம் விட்டு நகரங்களில் வெளிப்படையாக மோதியபோது அவர்கள் பட்ட இழப்பு மிகப் பெரிது.

இனி மலாயாவைப் பார்க்கட்டும் மேடைப் பேச்சாளர். அங்கும் தொடக்கத்தில் ஆங்கிலேயர் துப்பாக்கியையே நம்பினர். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். காட்டின்மீது லிங்கன் விமானங்களிலிருந்து கொட்டிய குண்டுகளால் முறிந்தவை பெரும்பாலும் மரங்களே. போரின் போக்கு மாறியது 1950இல் ஹெரால்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தால். காட்டோரத்தில் பட்டா இன்றிப் பயிரிட்டு வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், கம்பிவேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தமிழர் வாழ்ந்த தோட்ட லயங்கள் பலவும் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. சில இடங்களில் அரிசியைப் பொதுவில் சமைத்துச் சோறாகவே வழங்கினர். சோறு நாளைக்குள் ஊசிப்போகும், காட்டுக்குக் கடத்த இயலாது. டின்களைக் கடைக்காரர் துளையிட்டு விற்றார். பால்மரம் வெட்டச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். சோற்றுப் பொட்டலம்கூட எடுத்துச் செல்லக் கூடாதென்ற ஆணை இருந்தது. விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பால் எடுத்து முடிக்கும் வரை அவள் வயிறு காயவேண்டும். காட்டில் உள்ளவன் பட்டினி கிடப்பதற்காக!

இந்த வெற்றியைப் படைத் திறனுக்கு உரிமையாக்குவாரும் பிழைபட்டவரே. கொரில்லாக்களுக்கு ஆயுதம் தர எந்த அண்டை நாடும் இல்லை; 1957இல் விடுதலை வந்ததும் அவர்கள் போரிடக் காட்டிய காரணமும் வலுவிழந்தது. மலாயாவில் பணியாற்றிய இராபர்ட் தாம்சன், 1961இல் ஆங்கிலேய ஆலோசனைக் குழுவின் தலைவராகச் சைகோன் சென்றார். அங்கு வேலிக் கிராமங்கள் எழுந்தன. 1963இல் தியெம் ஆட்சி வீழ்ந்ததும் சிதைந்தன. மலாயாவில் பெயர்க்கப்பட்டோருக்குப் பட்டா இல்லை. வியட்நாம் உழவனுக்கோ மூதாதையர் கல்லறையும் வயலும் விட்டு வரவேண்டியதாயிற்று. அவன் வேலியை இரவில் தானே வெட்டினான். பின்னால் லாவோஸ் வழியும் திறந்திருந்தது.

அந்த வழியை அடைப்பதற்காக 1964 முதல் 1973 வரை லாவோஸ்மீது 20 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகள் கொட்டப்பட்டன. வழி அடைபடவில்லை. வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை இன்றும் மண்வெட்டிபட்டு வெடிக்கின்றன. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த சிறுவரும் அவற்றால் கைகால் இழக்கின்றனர்.