ஸ்பான்சர் போனா சீட்டும் போச்சு!

டேனிகா பேட்ரிக் பேரைச் சொன்னாலே அமெரிக்க கார் ரேஸ் ரசிகர்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சுடுவாங்க. 'விளம்பர முகம்கிறதாலதான் சீட் கிடைச்சது' என்பது ஒரு கட்சி. நாஸ்கார் கப் தொடரில் 191 ரேஸ், வெற்றி பூஜ்யம். முதல் பத்துக்குள் வந்தது ஏழே முறை. இதை மழுப்ப முடியாது.

ஆனா, 2008-ல் ஜப்பானில் இண்டிகார் ரேஸை ஜெயிச்சவரும் அவர்தான். 2013 டேடோனா 500-ன் தகுதிச்சுற்றில் எல்லா ஆண்களையும் முந்தி, முதலிடத்திலிருந்து கிளம்பினார் (முடிச்சது எட்டாவதா!).

இங்கதான் ஒண்ணைக் கவனிக்கணும். நாஸ்கார் டீம்கள் ஓடுறதே ஸ்பான்சர் காசில்தான். பானெட்டில் பேர் போட கம்பெனி கிடைக்கலைன்னா, ஆண் டிரைவருக்கும் கார் கிடையாது. ஆனா 'காசுல வந்தவன்'னு அவரை யாரும் வருஷக்கணக்கா திட்டுறதில்லை. ஜெயிக்காத நாலு சீசனும் டேனிகா சீட் பத்திரமா இருந்துச்சு. 2017-ல் முக்கிய ஸ்பான்சர் கழன்றுகொள்ள, அந்த சீசனோடு அவரது முழுநேர ஓட்டமும் முடிஞ்சுது.

அதுக்கப்புறம்? 2018 டேடோனா 500-ல் அவர் கடைசியா ஓட்டியபின், கப் ரேஸில் அடுத்த பெண்ணைப் பார்க்க 2025 மார்ச் வரை ஆச்சு. அவர் கேத்தரின் லெக். அடுத்த மாசமே இன்னொரு நாஸ்கார் ரேஸில் விபத்தில் சிக்கினார். இன்பாக்ஸில் வந்து குவிந்தவற்றில் கொலை மிரட்டலும் இருந்தது.